தனிக்கட்டைக்குப் பின்னால் ஒருவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. என் சமையலறை ஜன்னலும் எதிர்வீட்டுக் கூடத்து ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் காற்றுக்காக விட்ட ஒரு சந்து, அவ்வளவுதான். கட்டியவர் அப்படிக் கட்டிவிட்டார். நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவ எனக்குத் தெரியாது.

"எட்டிப் பார்த்து எழுதிய கதையா?" என்று முகம் சுளிப்பவர்கள் இத்துடன் மூடி வைத்துவிடலாம். மூட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பிரபஞ்சம் எல்லையற்றது. அதன் மடியில் கோடானுகோடி நட்சத்திரங்கள்—" வேண்டாம். பள்ளிக்கூட ஆண்டுமலருக்குத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

"அவள் கணவன் அவளை விட்டுப் போன அன்று—" இது நன்றாகத்தான் வந்தது. ஒரு சின்னச் சிக்கல், அவளுக்குக் கணவன் இல்லை. இதைப் பற்றிப் பிறகு கொஞ்சம் சண்டை இருக்கிறது.

"எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஐந்து நட்சத்திரப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன." இது நடந்தது. நடந்தது என்பதாலேயே சப்பென்று இருக்கிறது. பரவாயில்லை, போகப்போகச் சூடு பிடிக்கும்.

2

எதிர்வீட்டில் இரண்டு பேர், உடன்பிறந்தவர்கள். மூத்தவள் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் உட்பட இந்த வட்டாரத்தில் பாதி லிஃப்ட் அவள் கைராசியில்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே லிஃப்ட் அக்கா. இளையவள் ஆராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் படக்காரி. முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நாற்பதைத் தாண்டியவள் என்னை "ஆன்ட்டி" என்கிறாள்; அதற்காகவே அவளை வில்லியாக்கியிருக்கலாம். பெரிய மனசு பண்ணி கதாநாயகி ஆக்கியிருக்கிறேன்.

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பவள் என்றால் ராத்திரி முழுக்கக் குழாயில் ஒரு கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் கிடையாது. தொலைநோக்கி பூமியின் அந்தப் பக்கத்தில் ஒரு மலை மேல் இருக்கிறது. அங்கே இரவென்றால் இங்கே பட்டப்பகல். படம் வந்து இறங்க, இவள் ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கூடத்து மேசையில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வாள்.

எதைச் சுத்தம் செய்வது என்று ஒருநாள் நானே கேட்டேன். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லையாம். ஒரே தூசு மேகத்தில் இரண்டாக, மூன்றாகப் பிறக்கின்றன. பிறந்த புதிதில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் தூசு வளையம் போட்டுக்கொண்டு இருக்கும். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே புள்ளி. பிரித்துப் பார்க்கத்தான் தொலைநோக்கியின் அந்தப் பெரிய கண்ணாடி. அதிலும் ஒரு தொல்லை உண்டு. நட்சத்திரத்தின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, கொதிக்கிற எண்ணெய் தெறிக்கிற மாதிரி சுற்றிலும் தெறிக்கும். எது வானத்தில் உள்ளது, எது கண்ணாடியில் தெறித்தது?

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யாருமே இல்லாத ஒற்றை நட்சத்திரம் ஒன்றை அதே கண்ணாடியில் படம் பிடிப்பது. அதைச் சுற்றித் தெரிவதெல்லாம் வெறும் தெறிப்புத்தானே? அதை அப்படியே அடுத்த படத்திலிருந்து கழித்துவிட்டால் மீதி இருப்பது நிஜம். கடையில் எண்ணெய் வாங்கும்போது காலிப் பாத்திரத்தை முதலில் எடைபோட்டுப் பிறகு கழிக்கிறார்களே, அதேதான்.

(இந்த உதாரணம் என்னுடையது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருத்தி இதைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ளப் போகிறாள்.)

அவளுடைய குழு பல வருடமாகக் காலிப் பாத்திரமாக வைத்திருந்தது ஒரே நட்சத்திரத்தை. அதற்கு நீளமாக ஓர் எண் உண்டு, யாரும் சொல்வதில்லை. குழுவில் எல்லாரும் அதைத் தனிக்கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

3

[இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். எடுக்கவில்லை.]

படக்காரி ஒரு பாத்திரமாக எனக்குப் பிடிபடவில்லை. வேலை, அக்கா, ஜன்னலோரம் ஒரு செடி. ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. போனில் யாரிடமும் குழைவதில்லை. ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுவதில்லை. விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? அவள் வாழ்க்கையில் எங்கோ ஒரு பள்ளம் இருக்கிறது, அதை எவனோ தோண்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. தோண்டியவனைத் தேடினேன்.

"வெளிநாடு போனவன் கடிதம்கூடப்—" அடித்தேன்.

"கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு அவன்—" அடித்தேன்.

"விபத்தில்—" அதையும் அடித்தேன். பாவம், முகம் தெரியாதவனை எதற்குக் கொல்ல வேண்டும்?

"அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்கறது நல்லாவா இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. அவர் எப்போதும் பேப்பருக்குப் பின்னால்தான் இருப்பார். இந்தக் கதையில் அவருக்குப் பெரிய வேலை இல்லை.

4

இப்போது வில்லன். கொம்பு, பல் எதுவும் இல்லாத, நல்லபடி பேசுகிற மனிதர். குழுவின் தலைவர். அவர் புகழெல்லாம் ஒரு பள்ளத்தால் வந்தது.

இளம் இரட்டை நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசு வளையத்தில் ஓரிடம் மட்டும் இருட்டாக, குழி விழுந்த மாதிரித் தெரிந்தது. அங்கே ஒரு கோள் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதுதான் தூசைத் தின்றுவிட்டது என்றார் தலைவர். ஒரு நட்சத்திரக் குடும்பத்தில் பார்த்தார். பிறகு இரண்டாவதில், மூன்றாவதில். எல்லாவற்றிலும் பள்ளம் நடுவிலிருந்து அதே தூரத்தில் இருந்தது. கோள்கள் எங்கே பிறந்தாலும் ஒரே தூரத்தில்தான் பிறக்கின்றன என்று ஒரு விதியே போட்டுவிட்டார். மாலை, மேடை, கைதட்டல்.

இப்போது ஐந்து குடும்பங்களையும் சேர்த்து ஒரு பெரிய கட்டுரை. படமெல்லாம் படக்காரி செய்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒவ்வொருவரும் "சம்மதம்" சொன்னால் கட்டுரை கிளம்பிவிடும். படக்காரியின் வேலை ஒப்பந்த வேலை. இந்த வருடத்தோடு முடிகிறது. நீட்டிப்பதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆக, பிடிக்கிறதோ இல்லையோ, அவள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

5

அவளை உறுத்தியது படங்களின் அழகு. வெளியிடும்போது ஒவ்வொரு படத்தையும் வளையம் படுக்கைவசமாக இருக்கும்படித் திருப்பி வைப்பது குழுவின் வழக்கம். குடும்பப் போட்டோவுக்குக் குழந்தைகளின் தலையைப் பிடித்து நேராக்குவது போல. அப்படி வைத்ததில் ஒன்றில் பள்ளம் இடப்பக்கம் இருந்தது, ஒன்றில் மேலே, ஒன்றில் மூலையில்.

அவள் ஐந்தையும் கேமரா எப்படிப் பார்த்ததோ அப்படியே திருப்பினாள். கண்ணாடித்தாளில் அச்செடுத்தாள். வெயில் வருகிற ஜன்னலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினாள். நான் பருப்புப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது அவ்வளவும் நிஜம். வளையங்கள் ஐந்தும் ஐந்து பக்கம் சாய்ந்து சிக்குப் பிடித்த தலை மாதிரிக் கிடந்தன. பள்ளங்கள் மட்டும் ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தன.

லிஃப்ட் அக்கா பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னடி இது, அஞ்சு படத்துக்கு ஒரே ஓட்டை?"

"அதான்க்கா. அஞ்சு வீட்டுலயும் ஒரே எடத்துல ஓட்டைன்னா அது வீட்டு ஓட்டை இல்ல."

"கண்ணாடியில ஏதாவது அழுக்கா?"

"கண்ணாடி சுத்தம். வேற ஆளுங்க அதே கண்ணாடியில எடுத்த படத்துல பள்ளமே இல்ல."

"அப்புறம்?"

"அஞ்சுலயும் நாம கழிச்சது ஒரே ஆளை."

அக்கா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "தனிக்கட்டையையா?"

"அவன் படத்தையே எடுத்து, வேற ஒரு ஒத்தை நட்சத்திரத்தை வெச்சுக் கழிச்சுப் பாத்தேன். மீதி ஒரு புள்ளி நிக்குது. மங்கலா, ரொம்ப ஒட்டி. சரியா அந்தப் பள்ளம் இருக்கற எடத்துல."

"அப்ப தனிக்கட்டைக்கு..."

"துணை இருக்குக்கா."

என் கையிலிருந்து பாத்திரம் நழுவி விழுந்தது. வேண்டுமென்றே போட்டதாகச் சொல்லாதீர்கள். இத்தனை வருடமாக ஒண்டியாக, யோக்கியமாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பி, அதை வைத்து மற்றவர்களை அளந்துகொண்டிருந்த ஒன்றுக்கு மறைவில் ஒரு துணை! என் காதுக்கு இதைவிட நல்ல சேதி வந்ததே இல்லை.

புரியாதவர்களுக்கு மறுபடியும் எண்ணெய்க்கடை: காலி என்று எடைபோட்ட பாத்திரத்தின் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் எண்ணெய் இருந்திருக்கிறது. கழித்தபோது அந்தக் கொஞ்சம் எல்லார் எண்ணெயிலும் குறைந்தது. அந்தக் குறையைத்தான் கோள் தின்ற பள்ளம் என்று மேடை போட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள்.

"அஞ்சாவது படத்துல மட்டும் அந்தப் பள்ளம் கொஞ்சம் மங்கல்" என்றார் என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பியபடி. "உங்களை யாரு கேட்டா?" என்றேன்.

6

வெள்ளிக்கு முந்தின நாள், அதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். விஞ்ஞானப் பகுதியை மட்டும் சரிபார்க்கத்தான். படக்காரி முதல் வரியிலிருந்து படித்தாள். தரையில் லிஃப்ட் அக்கா ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கணவர் யாரு?"

"கதைக்காகம்மா."

"எங்க வீட்டுல இல்லாதவரு கதையில மட்டும் எப்படி வந்தாரு?"

"வரலியே, விட்டுட்டுப் போயிட்டாருன்னுதானே எழுதியிருக்கேன்."

"வராமலேயே போயிட்டாரா? கெட்டிக்காரரு" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

"உன் வாழ்க்கையில ஏதோ ஒரு பள்ளம் தெரியுதும்மா. அதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"பள்ளம்னா லிஃப்டுக்கு அடியில இருக்கும் ஆன்ட்டி. போன மாசம் உங்க சாவி விழுந்துச்சே, அங்க."

படக்காரி சிரிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பாத்திரங்கள் நம்மைப் பார்க்கும்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

"எங்க வீட்டைப் பாக்கும்போது நீங்க எதைக் கழிச்சுப் பாக்கறீங்க?"

"நான் எதையும் கழிக்கல. உள்ளதை உள்ளபடி பாக்கறேன்."

"கழிக்காம யாராலயும் பாக்க முடியாது. உங்க வீட்டை வெச்சுத்தான் எங்க வீட்டைக் கழிக்கறீங்க. உங்க வீடுதான் உங்க தனிக்கட்டை. இங்க குறையாத் தெரியறது எங்க குறை இல்ல ஆன்ட்டி. உங்க வீட்டுல கூடுதலா இருக்கறது."

எனக்குக் கோபம் வந்தது. தாலி கட்டினவரைக் கூடுதல் என்றால் யாருக்குத்தான் வராது? (சில நாட்களில் வராது.)

"கதை எழுதறது நானா நீயா?"

"நீங்கதான். ஆனா அந்தாளை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா உன் கதையில என்ன மிச்சம் இருக்கும்?"

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. வேலை போகப் போகுது. போதாதா?"

அப்போதுதான் கவனித்தேன். பேச்சு நிதானமாக இருந்தது. தாளின் ஓரத்தை மட்டும் மடித்து மடித்துக் கிழியும்வரை கொண்டுபோயிருந்தாள். அவளுக்கு வேறு வேலை தெரியாது. அந்தக் கண்ணாடியும் அந்தப் புள்ளிகளும்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த வருடமும் அவற்றோடு இருக்கலாம்.

"எடுத்துடறேன்" என்றேன். "முழுசா அழிச்சுடட்டுமா?"

"வேண்டாம். அடிச்சது தெரியட்டும். தப்பை அழிச்சுட்டா அடுத்தவங்களும் வந்து அதையே செய்வாங்க."

அதனால்தான் இரண்டாவது தொடக்கமும் மூன்றாம் பகுதியும் அப்படியே நிற்கின்றன. எடுக்கச் சொன்ன இரண்டு பேர் வேறு ஆட்கள். அவர்கள் சொன்னதை நான் கேட்பதாக இல்லை.

7

கூட்டம் கம்ப்யூட்டரில் நடந்தது. புழுக்கம், ஜன்னல் திறந்திருந்தது. என் பக்கத்தில் கழுவப் பாத்திரம் தீர்ந்துபோய், கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். படக்காரியின் முறை வந்தது. அவள் ஐந்து படங்களையும் திருப்பிக் காட்டினாள், தனிக்கட்டையின் துணையைக் காட்டினாள். பேசி முடித்தாள். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கலாம்மா. யாரு இல்லேன்னா? ஆனா இப்ப என்ன அவசரம்? கட்டுரை போகட்டும். அடிக்குறிப்புல ஒரு வரி சேத்துடலாம். ஒப்பீட்டு நட்சத்திரத்தின் தன்மை மேலும் ஆராயத்தக்கதுன்னு."

"அடிக்குறிப்பை யாரு சார் படிப்பாங்க?"

"அதுக்குத்தானேம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.*

"அஞ்சு குடும்பத்துலயும் பள்ளம் இல்ல சார். நாம காலின்னு நெனச்ச பாத்திரத்துல எண்ணெய் இருந்துச்சு. அவ்வளவுதான்."

என் உதாரணம்! சொன்னேன் அல்லவா? உலகத்தின் பல மூலையிலும் உட்கார்ந்திருந்த படித்தவர்கள் முன்னால், என் எண்ணெய்க்கடை!

"உன் வேலை இந்த வருஷத்தோட முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார். பள்ளமும் அதோட முடியட்டும்."

"உன் பேரை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க. படத்தையும் சேத்து எடுத்துடுங்க, அது நான் செஞ்சது. நான் தனியா எழுதறேன். அடிக்குறிப்புல இல்ல, தலைப்புலயே."

"என்னன்னு?"

"தனிக்கட்டை தனியாக இல்லை."

ஸ்க்ரீனில் தெரியாத மூலையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் அக்கா, கிரீஸ் கையால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது.

எல்லாம் அணைந்த பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எழுத வசதியாக இருந்திருக்கும்.

"வேலை போயிடும்க்கா."

"போனா போகுது."

"எனக்கு லிஃப்ட் ரிப்பேர்கூடத் தெரியாது."

"ஸ்பானர் எடுத்துக் குடுக்கத் தெரியுமில்ல? அது போதும். எந்திரி, சாப்பிடு."

———
* படிக்கிறார்கள், தலைவரே. இதோ, இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

8

கட்டுரை அவள் பெயரில், அந்தத் தலைப்போடு போய்விட்டது. இது நடந்தது, இதில் யாரும் கை வைக்க முடியாது. வேலை நிலைக்குமா என்பதைப் போனில் சொல்வதாக ஆராய்ச்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

முடிவு ஒன்று: வேலை நீட்டிக்கப்படுகிறது. தலைவர் பூங்கொத்தோடு— வேண்டாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவளும் வாங்கி வைக்கிறவள் இல்லை.

முடிவு இரண்டு: வேலை போகிறது. அவள் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறாள். கூடவே மதியத்தில், யாரும் சம்பளம் தராமலேயே, அந்த ஐந்து குடும்பங்களையும் புதிதாகக் கழித்துப் பார்க்கிறாள். ஒன்றில் மூன்றாவதாக ஒரு நட்சத்திரம்— நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது.

முடிவு மூன்று: மலை மேலிருக்கும் அந்தத் தொலைநோக்கிக்காரர்களே அவளைக் கூப்பிடுகிறார்கள். எதிர்வீடு காலியாகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஜன்னலை இரண்டு தடவை பார்த்துவிட்டேன், ஆகவே அடித்துவிட்டேன்.

மூன்றில் எது நடந்தது? அந்தப் போன் வந்தபோது நான் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் இருந்தேன். பால் வாங்கப் போய்த் திரும்பும்போது நின்றுவிட்டது. அவசர பட்டனை அமுக்கினால் லிஃப்ட் அக்காவின் போனுக்குத்தான் போகும்.

"ஏம்மா, லிஃப்ட் நின்னுடுச்சு!"

"அப்படியா ஆன்ட்டி? காத்து வருதில்ல?"

"வருது. அவளுக்குப் போன் வந்துடுச்சா?"

"பேசிட்டுத்தான் இருக்கா. முடிஞ்சதும் வந்து எறக்கறேன்."

"என்ன சொல்றாங்க?"

"லிஃப்டுக்குள்ள சிக்னல் சரியா எடுக்காது ஆன்ட்டி. நீங்க கேக்கறது எனக்குக் கேக்கல."

அந்த லிஃப்ட் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்கு ஓடினேன். எதிர்வீட்டுக் கண்ணாடியில் ஒரே ஒரு படம், முதல் தடவையாக வெளிப்பக்கம் பார்த்து ஒட்டியிருந்தது. நட்சத்திரம் இல்லை. என் ஜன்னல். அதில் நான், கையில் பாத்திரம், கழுத்து நீண்டு, வாய் கொஞ்சம் திறந்து. நல்ல துல்லியமான படம், தொழில்காரி இல்லையா? என் தோளுக்குப் பின்னால், ரொம்ப ஒட்டி, மங்கலாக இன்னொரு முகம். மூக்குக்கண்ணாடி. தாழ்த்திய பேப்பர். என்னைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே எட்டிப் பார்க்கிறது.

திரும்பினேன். அவர் நாற்காலியில், பேப்பருக்குப் பின்னால்.

"நான் லிஃப்டுல மாட்டியிருந்தப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"ம்."

"ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு?"

"ம்."

"என்ன சொன்னாங்க அவகிட்ட? வேலை இருக்கா, போச்சா?"

பேப்பர் ஒரு அங்குலம் உயர்ந்தது.

"அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்கு?"

இத்தனை பக்கம் எழுதியவள் நான். முடிவு தெரிந்தவர், பெரிய வேலை இல்லை என்று நான் ஓரத்தில் உட்கார வைத்தவர். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. எதிர்வீட்டில் கேட்கலாம்தான். கேட்க மாட்டேன். அவள் அவ்வளவு பெரிய தலைவரிடமே வளையவில்லை; ஒரு முடிவுக்காக நான் மட்டும் அவளிடம் போய் வளைய வேண்டுமா?

ஆகவே உங்களிடம் தருகிறேன். எழுதுவதற்கு முன் உங்கள் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆரம்பியுங்கள்:

போனை வைத்துவிட்டு, படக்காரி அக்காவைப் பார்த்து—

[மீதி உங்கள் கையில். ஒரே ஒரு நிபந்தனை: கணவரைக் கொண்டுவரக் கூடாது.]